கோவில்பட்டியில் டர்ஃப் இருக்கிறது, பையன்கள் எங்கே?

ஒரு வாசகரின் கூற்று — 3 டிசம்பர் 2025

நேற்று மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பார்த்தேன். இந்தியா 5, சுவிட்சர்லாந்து 0. ஆட்டத்தைவிட மைதானம்தான் என்னை அசத்தியது. சின்ன ஊர்ப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுவதற்கு ஒரே காரணம், ஊரில் மைதானம் இல்லாததுதான். மாவட்டத்துக்கு ஒன்று இப்படிக் கட்டிக்கொடுங்கள், ஒருவரும் பெட்டியைத் தூக்கமாட்டார்கள். மறுப்பவர் உண்டா?

3 டிசம்பர், இரவு

நான் மறுக்கிறேன். கோவில்பட்டிக்காரன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை.

எங்கள் ஊரில் டர்ஃப், அதாவது செயற்கை இழை மைதானம் இருக்கிறது. அரசின் ஹாக்கி விடுதி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை என்ற அகில இந்தியப் போட்டி நடக்கிறது. கடலை மிட்டாய் வாங்கக் கடையில் நிற்பவர்கூட, பெனால்டி கார்னரில், அதாவது கோலுக்கு அருகே செய்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் அடியில், யார் முதலில் ஓடி வந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார். அப்படிப்பட்ட ஊரிலேயே இருபது வயதுக்கு மேல் நன்றாக ஆடுகிற பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மே மாதம் மட்டும் விதிவிலக்கு, விடுப்பில் வருவார்கள்.

மைதானம் கட்டினால் போகமாட்டார்கள் என்பதற்கு நேர் எதிரான சாட்சி எங்கள் ஊர்.

4 டிசம்பர்

“அப்படியானால் நீங்கள் ஏன் போனீர்கள்?” என்று கூற்றை எழுதியவர் கேட்டிருக்கிறார். போனேன் என்று நான் சொல்லவே இல்லை, ஊகித்துவிட்டார். சரி, சொல்கிறேன்.

1996. எனக்குப் பத்தொன்பது வயது. கோல்கீப்பர். பள்ளிக்கூட மைதானத்தில் கற்றவன். மைதானம் என்றால் சரளை. மழை பெய்தால் கரிசல் களி, காய்ந்தால் வெடிப்பு. பந்து ஒரு கல்லில் பட்டு முழங்காலுக்கு வரும், அடுத்த கல்லில் பட்டு மூக்குக்கு வரும். அதில் நின்று பழகியதால் எனக்குக் கண் கூர்மை என்று ஊரில் பெயர்.

சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் முதல் நாள் பயிற்சி. டர்ஃப் மீது தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். டர்ஃபை வேண்டுமென்றே நனைப்பார்கள் என்று தெரியாமல், யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பந்து வந்தது, துள்ளவே இல்லை. நான் வழக்கம்போல் துள்ளலுக்காகக் காத்திருந்தேன். பந்து எனக்குப் பின்னால் பலகையில் ‘டக்’ என்று அடித்தபிறகுதான் கோல் என்று தெரிந்தது.

அடுத்து ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். பயிற்சியாளர் கத்துகிறார், “படு, படு” என்று. டர்ஃபில் கோல்கீப்பர் பக்கவாட்டில் சறுக்கி விழுந்து முழு உடம்பையும் தடுப்புச் சுவராக்க வேண்டும். எனக்கு அது விளங்காமல் இல்லை. உடம்பு கேட்கவில்லை. பத்து வருடம் சரளையில் நின்றவனுக்கு விழுவது என்றால் தோல் போவது. மூளை ‘விழு’ என்கிறது, முழங்கால் ‘மாட்டேன்’ என்கிறது. விழக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று எனக்கு. அந்த மூன்று மாதத்தில் இன்னொருவன் அணியில் இடம் பிடித்துவிட்டான்.

1976இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி டர்ஃபுக்கு மாறியது; இந்தியா ஏழாவது இடம். இருபது வருடம் கழித்தும் நாங்கள் சரளையில் நின்றுகொண்டிருந்தோம்.

4 டிசம்பர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் என் வாதத்துக்கு நானே குழி வெட்டியது தெரிகிறது. மைதானம் இல்லாததால் போனவன் நான் என்றல்லவா ஆகிறது? கேள்வி கேட்டவர் இதைக் கவனிப்பதற்குள் தூங்கப் போகிறேன்.

6 டிசம்பர்

கவனித்துவிட்டார்.

பதில்: நான் டர்ஃபைத் தேடிப் போகவில்லை. டர்ஃப் எப்படி இருக்கும் என்றே தெரியாதவன் அதைத் தேடி எப்படிப் போவான்? வேலை தேடிப் போனேன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைப் பையன் கையில் கொடுத்த அப்பாக்கள் யாரும் ஒலிம்பிக்கை நினைத்துக் கொடுக்கவில்லை. “ஆடினால் ரயில்வேயில் எடுத்துக்கொள்வான்.” அவ்வளவுதான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாமல் மாதச் சம்பளத்துக்குப் போக ஒரு குறுக்குவழி.

அந்த வேலைகள் எங்கே இருந்தன? தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஏ.ஜி. அலுவலகம் என்கிற கணக்காயர் அலுவலகம், வருமான வரித் துறை. எல்லா அணியும் சென்னையில். கிளை எல்லா ஊரிலும் உண்டு. அணி அங்கே மட்டும்தான். கோவில்பட்டிக் கிளையில் காசாளராக உட்கார்ந்தபடி சென்னை அணிக்கு ஆட முடியாது, காலை ஆறு மணிக்குப் பயிற்சி.

இது நமக்கு மட்டும் வந்த விதி என்று நினைக்க வேண்டாம். பஞ்சாப் பரீத்கோட்டிலிருந்து வந்த ரூபிந்தர் பால் சிங், பெனால்டி கார்னர் மன்னன், இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்காரர். பரீத்கோட்டில் ஹாக்கிக்குப் பஞ்சமா? வேலை உத்தரவு எந்த ஊர் முகவரியிலிருந்து வருகிறதோ அந்த ஊருக்கு ஆட்டக்காரன் போகிறான். புனேக்குப் பக்கத்தில் கட்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த நம் தன்ராஜ் பிள்ளை பம்பாய் போனது, அண்ணன் அங்கே ஒரு நிறுவன அணிக்கு ஆடிக்கொண்டிருந்ததால். பிறகு மகிந்திரா அணி.

7 டிசம்பர்

மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அது எந்த மாவட்டத்திலும் கிடைக்குமே என்று ஒருவர். கிடைக்கும். அதற்குத் தேசிய, சர்வதேசப் பதக்கச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பதக்கம் வாங்க முதலில் ஊரை விட்டுப் போக வேண்டும். வட்டம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

9 டிசம்பர்

ஒரு திருத்தம். வேறொரு இடத்தில் பேசும்போது, கோவில்பட்டியில் பிறந்து 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய இருவர் என்று மாரீஸ்வரன் சக்திவேலையும் கார்த்தி செல்வத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மாரீஸ்வரன் எங்கள் ஊர்ப் பையன். கார்த்தி அரியலூர்க்காரர், எங்கள் ஊர் விடுதியில் தங்கி ஆடியவர். ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தபோது ஊரில் வெடி போட்டோம். அந்த உற்சாகத்தில் பிறந்த ஊரையும் மாற்றிவிட்டோம்.

திருத்தியபிறகு ஒன்று உறைத்தது. அரியலூர்ப் பையனுக்குக் கோவில்பட்டிதான் பெரிய நகரம். நான் ‘பிள்ளைகளை இழக்கும் ஊர்’ என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் அதே ஊர், இன்னொரு ஊரிலிருந்து பையனைப் பிடுங்கியிருக்கிறது. அரியலூர் மைதானத்தில் அவரோடு ஆடிய பையன்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை.

ஆக, சின்ன ஊர் பெரிய ஊர் என்று இரண்டு பெட்டி போடுவதே தப்போ என்று இப்போது தோன்றுகிறது. ஏணிப்படி மாதிரி. எங்கள் ஊர் நடுப்படி.

11 டிசம்பர்

நேற்று சென்னையில் உலகக் கோப்பை முடிந்தது. ஜெர்மனிக்குக் கோப்பை, நமக்கு வெண்கலம். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் அடித்தார்கள். டீ ஆறிப்போனது. வாதத்துக்குச் சம்பந்தமில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

11 டிசம்பர், மாலை

கிரிக்கெட்டில் இந்த நிலைமை மாறிவிட்டது, டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தபிறகு மாவட்டத்துப் பையன்கள் ஊரிலிருந்தே மேலே போகிறார்கள், வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பாருங்கள் என்கிறார் ஒரு சேலத்துக்காரர்.

நடராஜனைத்தான் பார்ப்போம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசியவர். ஜெயப்பிரகாஷ் என்ற அதே ஊர்க்காரர்தான் கையைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பியவர். டி.என்.பி.எல். தொடங்கியது 2016இல். அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே நடராஜன் சென்னை லீகில் நான்காம் டிவிஷனில் வீசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து படிப்படியாக முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ் அணி. பிறகு ரஞ்சி. பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று நிறுத்தினார்கள். அதைச் சரிசெய்துகொண்டதும் சென்னையில்தான். 2016இல் தொலைக்காட்சியில் யார்க்கர் யார்க்கராகப் போட்டதை நாடு பார்த்தது, மறுவருடம் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். டி.என்.பி.எல். அவரைக் காட்டியது, மறுக்கவில்லை. செதுக்கியது சென்னை லீக்.

அந்த லீகின் உள்வேலை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முதல் டிவிஷன் அணிகள் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில். ஆட்டக்காரனுக்குச் சம்பளமோ வேலையோ உண்டு. வாரந்தோறும் ஆட்டம், எதிரே ரஞ்சி ஆடிய மட்டையாளர்கள், எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலியில் தேர்வாளர்கள். சேலத்தில் ஒரே நாளில் எட்டு விக்கெட் எடுத்தாலும் அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

நடராஜன் பிறகு சின்னப்பம்பட்டியில் சொந்த மைதானம் கட்டி, 2023இல் திறந்ததை நான் மதிக்கிறேன். அதில் வளரும் பையன்? அவனும் ஒருநாள் சென்னைக்குப் பஸ் ஏறுவான். ஏறும்போது டென்னிஸ் பந்துக்காரனாக ஏறமாட்டான், அதுதான் வித்தியாசம்.

12 டிசம்பர்

“கிரிக்கெட்டைப் பற்றிப் பேசாதீர்கள்” என்று எனக்கே என் அண்ணனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. ஹாக்கிக் குடும்பத்தில் இது மதமாற்றம்.

15 டிசம்பர்

சுந்தர்கரைப் பற்றி யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார் ஒருவர். சொல்கிறேன், ஏனென்றால் அது என் கட்சியை அசைக்கும் உதாரணம்.

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம். இந்தியாவுக்கு ஹாக்கி ஆடிய திலீப் திர்க்கி, அமித் ரோகிதாஸ் இருவருமே சவுனாமாரா என்ற ஒரே கிராமம். அந்தப் பக்கத்திலும் அதை ஒட்டிய ஜார்க்கண்டிலும் கிராமத்துக்குக் கிராமம் ஹாக்கிப் போட்டி. வென்ற அணிக்குப் பரிசு ஓர் ஆடு. ஆட்டை அன்றிரவே சமைத்துவிடுவார்கள். ரூர்கேலாவில் பிர்சா முண்டா பெயரில் பெரிய அரங்கம் 2023 உலகக் கோப்பைக்காக வந்தது சமீபத்துக் கதை. அரங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆட்டுக்கறிக்காக ஆடிய கூட்டம் இருந்தது.

ஹரியானாவின் பிவானியும் அப்படி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நான்கு பேர் அந்த ஒரே ஊர். விஜேந்தருக்கு வெண்கலம். பிவானி என்ன மாநகரமா?

இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது: ஊருக்குள்ளேயே உன்னைத் தோற்கடிக்க ஆள் இருந்தால் நீ ஊரில் இருக்கலாம். பிவானியில் காலை எழுந்தால் உன்னை அடித்து வீழ்த்த மூன்று பேர் தயார். குத்துச்சண்டைக்கு எதிரே ஒருவன் போதும். ஹாக்கிக்குப் பதினொரு பேர் வேண்டும்; அந்தப் பதினொரு பேரும் உன்னைவிடக் கொஞ்சம் நன்றாக ஆட வேண்டும்; ஒருமுறை போதாது, வாராவாரம் வேண்டும். எங்கள் ஊரில் அகில இந்திய அணிகள் வருடத்துக்குச் சில நாள் வந்து இறங்குகின்றன. மீதி நாளெல்லாம் விடுதிப் பையன்கள் விடுதிப் பையன்களோடு ஆடுகிறார்கள். இடப்பக்கம் ஆடும் முன்களத்துக்காரன் எந்தப் பக்கம் பந்தைத் திருப்புவான் என்பது கோல்கீப்பருக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டே பிடிக்கிற பந்தால் கோல்கீப்பர் வளரமாட்டான்.

முன்பு வேலை, வேலை என்று எழுதினேன். அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அப்பாக்கள் வேலைக்காக அனுப்புகிறார்கள். பையன்கள் தோற்பதற்குப் போகிறார்கள். பையனுக்கே அது தெரியாது. வீட்டில் கேட்டால் அவனும் வேலை என்றுதான் சொல்வான்.

16 டிசம்பர்

“தோற்பதற்குப் போகிறார்கள்” என்பது நாடக வசனம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். சரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்கிறேன்: ஊரில் அவனுக்குச் சவால் இல்லை.

21 டிசம்பர்

இதுவரை எழுதியதில் ‘பையன்’ என்ற சொல்லை எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று என் மனைவி எண்ணிக் காட்டினாள். பெண்கள் கதை வேறு. இதே கணக்கில் அடங்காது.

எங்கள் காலத்தில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அடுத்த தெரு. எங்களோடு ஆடுவாள். கோல்கீப்பராக நின்றவன் சொல்கிறேன்: கோலுக்கு முன்னால் உள்ள ‘டி’ வட்டத்துக்குள் அவள் பந்தோடு வந்தால் எனக்கு வயிறு கலங்கும், அண்ணன்மார் யார் வந்தாலும் கலங்காது. அவளுக்கும் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் பேசிவைத்தார் எங்கள் பயிற்சியாளர். அவள் அப்பா மைதானத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார், கோவிலுக்குள் வருவதுபோல. ஒரே கேள்வி கேட்டார்: “விடுதியில் இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள்?” பயிற்சியாளருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதோடு முடிந்தது. மறுவருடம் கல்யாணம்.

அந்தக் கேள்விக்குக் கையில் பதில் இருந்திருந்தால்? பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டில் மைதானம், வேலை எல்லாம் அப்புறம். கதவுதான் முதலில்.

மதுரை சக்கிமங்கலம் ஓட்டக்காரி ரேவதி வீரமணியை நினைத்துக்கொள்கிறேன். பெற்றோர் இல்லை, பாட்டி வளர்த்தார். வெறுங்காலில் ஓடியவரைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் கண்டுபிடித்தார். கூலி வேலைக்கு அனுப்பு என்று சுற்றத்தார் சொன்னதைப் பாட்டி காதில் வாங்கவில்லை. மதுரையிலேயே கல்லூரி, பிறகு பாட்டியாலா முகாம், டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டம். வேலையும் மதுரையில் ரயில்வேயில். எல்லாக் கதையும் சென்னை என்று முடிவதில்லை. அதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டக்காரிக்கு எதிரணி தேவையில்லை, கடிகாரம் போதும் என்று ஒரு காரணம் சொல்லலாம். நான் சொன்ன காரணத்தை நானே முழுதாக நம்பவில்லை. அந்தப் பாட்டிதான் காரணம்.

அடுத்த தெருக்காரி இப்போதும் ஊரில்தான். காலையில் டர்ஃப் வேலியை ஒட்டி நடைப்பயிற்சி. உள்ளே பெண் பிள்ளைகள் பந்தை அதிகநேரம் வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து சத்தம் போடுகிறாள், “விடு, விடு, வலப்பக்கம் ஆள் நிற்கிறாள் பார்!” என்று. அவர்களுக்கு இவள் யாரென்று தெரியாது.

28 டிசம்பர்

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இதுவரை ஒன்றை மறைத்துவிட்டேன். அண்ணன் மகனும் கோல்கீப்பர். பதினெட்டு முடிந்துவிட்டது. உள்ளூர்க் கல்லூரியில் முதலாண்டு. சென்னையிலிருந்து ஒரு துறை அணி, மாத உதவித்தொகை தருகிறோம், பொங்கலுக்குப் பிறகு வந்து பயிற்சியில் சேர் என்று கூப்பிட்டிருக்கிறது. வேலை பிறகு பார்க்கலாமாம்.

அந்தப் ‘பிறகு பார்க்கலாம்’ எனக்குத் தெரிந்த வார்த்தை. கல்லூரி முடிந்ததும் என்னையும் ஒரு வங்கி அணி அப்படித்தான் அழைத்தது. மூன்றாவது கோல்கீப்பர். இரண்டு வருடம் பந்து பொறுக்கினேன் என்று சொன்னால் மிகை. பயிற்சியில் மற்ற இருவருக்கும் ஓய்வு கொடுக்க நின்றேன். அந்த வருடம் ஆள் எடுக்கவில்லை, அடுத்த வருடமும் எடுக்கவில்லை. இரவு ரயிலில் காலில் கட்டும் பேடைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். நான் ‘போகட்டும்’ என்றேன். என் வாய்தான் சொன்னதா என்று எனக்கே சந்தேகம். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் அவன் பயிற்சியைப் பார்க்கப் போனேன். ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். இவன் இரண்டு அடி முன்னே வந்தான், விழுந்தான், சறுக்கினான், மட்டையை நீட்டினான், பந்து வெளியே. எழுந்து தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். யோசிக்கவே இல்லை. எனக்கு மூன்று மாதம் ஆனது இவனுக்குப் பதினொரு வயதில் விளையாட்டாகவே வந்துவிட்டது.

ஆகையால் முதல்நாள் கூற்றை எழுதியவருக்கு: மைதானம் யாரையும் ஊரில் பிடித்துவைக்காது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் போகிறவன் எந்த நிலையில் போகிறான் என்பதை அது மாற்றியிருக்கிறது. நான் சென்னைக்கு விழக் கற்றுக்கொள்ளப் போனேன். இவன் விழத் தெரிந்தே போகிறான். உங்களுக்குக் கால்பங்கு மதிப்பெண். அரைப்பங்கு கேட்காதீர்கள்.

29 டிசம்பர்

கேட்டுவிட்டார்.

6 ஜனவரி 2026

பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று கடிந்துகொண்டவருக்கு. கோல்கீப்பர் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மற்ற ஆட்டக்காரன் ஒரு மட்டை, ஒரு ஜோடி ஷூவோடு தப்பித்துவிடுவான். தலைக்கவசம், மார்புக் கவசம், கால் பேட், ஷூவுக்கு மேல் கட்டும் கிக்கர், இரண்டு கைக்கும் வெவ்வேறு கையுறை, உள்ளே போடுகிற கவசங்கள். எல்லாம் நல்லதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தொடும். விடுதியில் இருந்தவரை விடுதிக் கவசம். விடுதியை விட்ட அன்றே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளூரில் ஆடிக்கொண்டே இருக்க விரும்பினாலும் கவசத்தை யார் கொடுப்பார்கள்? பெரிய அணியில்தான் கிட்டங்கி இருக்கிறது. வேலை, எதிரணி, தேர்வாளர் என்று நான் பெரிதாகப் பேசியதெல்லாம் இருக்கட்டும். எத்தனையோ பேர் வெறும் கவசத்துக்காகவே போயிருப்பார்கள்.

அண்ணன் பழைய கவசம் ஒன்று வாங்கியிருக்கிறார், பாதி விலைக்கு. என் பழைய பேட் பரணில் இருக்கிறது, எலி கடித்தது போக. அதை எடுத்துப்போ என்றேன். அவன் பார்த்தான். “சித்தப்பா, இது கிரிக்கெட் பேடா?” என்று கேட்டான்.

19 ஜனவரி

நேற்றிரவு ரயில் ஏற்றிவிட்டோம். கவசப் பை அவன் உயரம். பெர்த்துக்கு அடியில் நுழையவில்லை. எதிர் சீட்டுப் பெரியவர் தன் சாக்கை நகர்த்தி இடம் கொடுத்தார். சாக்கில் என்ன என்று கேட்டேன். மகன் வீட்டுக்குக் கொண்டுபோகிற சீரகச் சம்பா.

2 பிப்ரவரி

இரண்டு வாரமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, அவனிடமிருந்து ஒழுங்கான போன் இல்லை. ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் செய்தி வரும். அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார், உள்ளே வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

நேற்று என்னைக் கூப்பிட்டான். வீட்டில் சொல்லாதீர்கள் என்று தொடங்கினான். அணியில் ஏற்கெனவே மூன்று கோல்கீப்பர்கள். ஆட்ட நாளில் பதினெட்டுப் பேரில் இரண்டு கோல்கீப்பருக்குத்தான் இடம். இவன் நான்காவது. இன்னும் ஒரு பயிற்சி ஆட்டத்தில்கூட முழுநேரம் நிற்கவில்லை.

எனக்கு வாயில் ஆயிரம் வார்த்தை வந்தது. வந்துவிடு என்று சொல்லவா, பொறுத்துக்கொள் என்று சொல்லவா? நான் மூன்றாவது, நீ நான்காவது, குடும்பம் முன்னேறுகிறது என்று கேலி செய்யவா? “எப்படி ஆடுகிறார்கள் அந்த மூன்று பேரும்?” என்று மட்டும் கேட்டேன். இருபது நிமிடம் பேசினான். ஒருவர் பெனால்டி கார்னரில் எப்படி முன்கூட்டியே சாய்கிறார், இன்னொருவர் இடது காலை எங்கே வைக்கிறார், மூன்றாமவர் ஏன் கத்திக்கொண்டே இருக்கிறார். இடையில் ஒருமுறை சிரித்தான். தனக்கு அங்கே ஒரு நாளைக்கு எத்தனை கோல் விழுகிறது என்று சொன்னான். எண்ணிக்கையை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வான்.

வைக்கும்போது கடலை மிட்டாய் அனுப்பச் சொன்னான். எத்தனை என்றேன். மூன்று கிலோ. அந்த மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு கிலோவாம்.